கித்தாக் காய்ச்சலும் கணினிக் காய்ச்சலும்

ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் சடக்கை விட்டு உட்புறம் திரும்பினால், தோட்டங்களில் இன்று நிற்பவை செம்பனை மரங்கள். செம்பனைக்கு முன்னர் அம்மண்ணில் நின்றது கித்தா. கித்தாவுக்கும் முன்னர் இம்மாவட்டத்தில் துரைமார் காப்பி பயிரிட்டுப் பார்த்தனர் என்னும் செய்தியை நம் தோட்டத்துப் பெரியவர்களிலும் ஒரு சிலரே அறிவர். பயிர் மாறிய தடவைகளிலெல்லாம் நாட்டிற்கு ஒரு காய்ச்சல் கண்டது. கொசுவினால் வரும் காய்ச்சலன்று. ஆசையினால் வரும் காய்ச்சல். காய்ச்சல் கண்டவர்கள் இலண்டனிலும் சிங்கப்பூரிலும் இருந்தனர். மருந்துச் செலவோ நம் லயங்களின் தலையில் விழுந்தது.

இக்காலத்துப் பெரும்பயிர் கணினி. அதற்குரிய மென்பொருளை எழுதுவோர் கணக்கறிவும் தருக்க அறிவும் மிக்கவர். ஆதலின் அத்தொழிலில் மோகத்துக்கும் ஆரவாரத்துக்கும் இடமில்லை என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். பிள்ளைகளை அத்துறையில் சேர்க்கும் பெற்றோரும் அவ்வாறே நம்புகின்றனர். வரலாறு வேறு சொல்கிறது. கித்தாப் பங்குகளுக்குக் கண்டது போன்ற காய்ச்சல் கணினித் தொழிலுக்குப் பன்முறை கண்டிருக்கிறது, அடிக்கடியும் கண்டிருக்கிறது. அவ்வரலாற்றை வெளிநாட்டு ஏடுகளில் தேடிப் போக வேண்டுவதில்லை. நம் சிலாங்கூர் மண்ணில் நின்றே பார்க்கலாம். இரண்டு காய்ச்சலும் இம்மண்ணிலேயே நிகழ்ந்தவை.

முதலில் கித்தாவின் கதை. 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தார். தோட்டக்காரர் எவரைக் கண்டாலும் சட்டைப்பையிலிருந்து விதையை எடுத்துக் கையில் திணித்தார். அவர்களோ அப்போது காப்பி மோகத்தில் ஆழ்ந்திருந்தனர். அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டம் சூட்டிச் சிரித்தனர். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் வெள்ளம்போல் புகுந்து விலையை வீழ்த்தியது. அதன் பின்னரே பைத்தியக்காரர் சொல் அம்பலமேறிற்று. இன்று நம் பாட்டிமார் உளி பிடித்த முறையெல்லாம் அவர் வகுத்த அந்த முறையின் வழிவந்ததே.

பின்னர் மோட்டார் வண்டி வந்தது. அதன் சக்கரத்துக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. 1910ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டன் சந்தையில் ரப்பர் விலை இராத்தல் ஒன்றுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று. மலாயா எத்திசையில் உள்ளதென்றறியாதவர்களும் மலாயாத் தோட்டப் பங்குகளை வாங்கினர். காடு அழிந்தது, நிரை பிடித்துக் கன்று நடப்பட்டது, கங்காணிகள் ஊருக்குச் சென்று கப்பல் கப்பலாக ஆள் கூட்டி வந்தனர். இங்கே ஒன்றை நன்கு கவனிக்க வேண்டும். கித்தா மரம் நட்டவுடன் பால் தருவதன்று. ஆறேழு ஆண்டு சென்றே வெட்டுக்கு வரும். விலை உச்சியில் இருந்தபோது நட்ட மரமெல்லாம், நட்டவர் அனைவருக்கும் ஒருசேர 1917, 1918 வாக்கில் பால் தரத் தொடங்கிற்று. போர் முடிந்து வாங்குவோர் கை சுருங்கியது. 1920ஆம் ஆண்டு முடியுமுன் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று உற்பத்திக்கு வரம்பு விதித்தார்கள், 1925இல் விலை மீண்டும் ஏறிற்று, மீண்டும் நட்டார்கள். 1932இலோ இராத்தல் இரண்டு பென்சுக்கும் கீழே சென்றது. பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டது அந்நாளில்தான்.

இதில் மோசடி செய்தவர் யார் என்று கேட்டால், ஒரு சிலரைச் சுட்டலாம். ஆனால் மோசடியே நடவாதிருந்தாலும் வீழ்ச்சி வந்தேயிருக்கும். பங்கு விற்பவன் வாரக் கணக்கில் பிழைக்கிறான். மரம் ஆண்டுக் கணக்கில் வளர்கிறது. காய்ச்சல் உச்சியில் இருக்கும்போது விற்றவன் தப்பினான். நட்டவன் அகப்பட்டுக் கொண்டான். நட்டவனிடம் கூலிக்கு வந்தவன் அவனைவிட ஆழமாக அகப்பட்டுக் கொண்டான். இக்கால இடைவெளியே காய்ச்சலின் கொடுமையெல்லாம் குடியிருக்கும் இடம். நேயர்கள் இதனை மனத்திலிருத்திக் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இதற்கு எதிரான ஒரு செய்தியும் இம்மாவட்டத்திலேயே உண்டு. ஆன்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கித்தா பயிரிட்டுப் பொருள் ஈட்டியவர். பிற்காலத்தில் மலாயாவைக் களமாகக் கொண்டு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் பெற்றவர். காப்பி பொய்த்துப்போன ஒரு நிலத்தில் 1917இல் அவர் செம்பனையை நட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. அதற்குப் பெயர் தென்னமரம்! ‘டென்னமாரம்’ என்று துரைமார் வாய் குழறினாலும் அது நம் வீட்டுச் சொல்லன்றோ? அந்நாளில் செம்பனைக்காக எந்தச் சந்தையும் ஆர்ப்பரிக்கவில்லை. நாடெங்கும் கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நடத் தொடங்கியது ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 1960களில்தான்.

இனிக் கணினிக்கு வருவோம். தோட்டத்தில் ஒரு மரம் நல்ல மரமா என்று அறிய வேண்டுமாயின், காலையில் அதன் கோப்பையைப் பார்த்தால் போதும். மென்பொருளின் தரமோ வாங்குமுன் தெரிவதில்லை. வாங்கிய பின்னும் சில ஆண்டு தெரிவதில்லை. கண்ணாலும் கையாலும் சோதிக்க இயலாத சரக்கு அது. ஆதலின் வங்கியை நடத்துவோரும் அரசாங்க அலுவலரும், பக்கத்தில் உள்ளவர் எதை வாங்குகிறார் என்று பார்த்துத் தாமும் அதனையே வாங்குகின்றனர். எல்லோரும் வாங்கியதை வாங்கித் தவறு நேர்ந்தால் எவரும் பழிப்பதில்லை. தனியே ஒன்றைத் தெரிந்து வாங்கித் தவறு நேர்ந்தால் வேலை போய்விடும். மோகம் பரவுவதற்கு இதனினும் நல்ல நிலம் வேண்டுமோ?

1958ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் கப்பற்படையின் ஆதரவுடன் ஃபிராங்க் ரோசன்பிளாட் என்னும் அறிஞர் ‘பெர்செப்ட்ரான்’ என்றொரு பொறியைப் பத்திரிகையாளர்க்குக் காட்டினார். மூளையின் நரம்புகளைப் போன்று அனுபவத்தால் கற்கும் பொறி அது. காட்டியது மிகச் சிறிது. இடப்புறக் குறியையும் வலப்புறக் குறியையும் பிரித்தறிந்தது, அவ்வளவே. பத்திரிகைகளோ, அது நடக்கும், பேசும், பார்க்கும், எழுதும், தன்னைத் தானே பெருக்கிக் கொள்ளும் என்று எழுதிவிட்டன. 1969இல் மின்ஸ்கி, பேப்பர்ட் என்னும் இருவர் அப்பொறியின் வரம்புகளைக் கணித வழியில் காட்டி நூல் வெளியிட்டனர். 1973இல் பிரிட்டனில் லைட்ஹில் அறிக்கை வெளிவந்து, செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கு அங்கே பணம் நின்றது. 1982இல் ஜப்பானிய அரசு ஐந்தாந்தலைமுறைக் கணினித் திட்டம் என்று முரசறைந்தது, உலகம் நடுங்கிற்று, பத்தாண்டில் ஓசையின்றி முடிந்தது. இடையில் 1986இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் நரம்பு வலைக்குக் கற்பிக்கும் வழியொன்றை விளக்கினர். கேட்பாரற்ற காலத்திலும் ஹின்டன் அதனை விடாது பற்றியிருந்தார். 2012இல் அவரும் அவர் மாணவரும் படங்களை அடையாளம் காணும் போட்டியொன்றில் வென்ற பின்னரே உலகம் அவர் பக்கம் திரும்பியது. 2024இல் நோபல் பரிசும் கிடைத்தது. ரிட்லியின் சட்டைப்பை விதை நினைவுக்கு வருகிறதன்றோ?

மற்றொரு வேடிக்கையும் கேளுங்கள். 1995இல் ஜாவா என்னும் நிரல்மொழி பெரும் ஆரவாரத்துடன் வந்தது. இணையப் பக்கங்களுக்குள் சிறு சிறு நிரல்கள் ஓடி ஆடி அற்புதம் காட்டும் என்பதே அன்று அதற்குச் சொன்ன பெருமை. அந்தப் பெருமை செத்துவிட்டது. இன்று எவரும் அதனை நினைப்பதுமில்லை. ஆனால் ஜாவா சாகவில்லை. வங்கிகளின் பின்கட்டில், எவரும் காணாத இடத்தில், கணக்குப் பிள்ளையைப்போல் அமர்ந்து வேலை செய்துவருகிறது. 1959இல் தோன்றிய கோபால் மொழி செத்தது, செத்தது என்று எத்தனையோ முறை பறை சாற்றப்பட்டும் இன்னும் பல வங்கிகளில் உயிரோடிருக்கிறது.

இம்மேடு பள்ளங்களை ஒரு வளைகோடாக வரைந்து காட்டியவர், அமெரிக்காவின் கார்ட்னர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக்கி ஃபென் என்னும் அம்மையார், ஆண்டு 1995. புதுப்பொருள் வரும், ஆரவாரத்தின் உச்சிக்கு ஏறும், ஏமாற்றத்தின் பள்ளத்தில் விழும், பின்பு மெல்ல ஏறிப் பயன்படும் சமநிலத்தை அடையும் என்பது அக்கோட்டின் கருத்து. அக்கோடு ஆறுதல் தருவது. விழுந்ததெல்லாம் எழும் என்று அது சொல்லுகிறது. விழுந்தவற்றுள் பல எழவேயில்லை என்பதே கண்கூடு. ஆலோசனை விற்கும் ஒரு நிறுவனம் வரையும் கோட்டில் சவக்குழி இடம்பெறாததில் வியப்பில்லை.

நம் நாட்டுக்குக் கணினிக் காய்ச்சல் கண்டது 1996இல். அவ்வாண்டில் அன்றைய பிரதமர் மகாதீர் முகமது ‘மல்டிமீடியா சூப்பர் கோரிடோர்’ என்னும் பல்லூடகப் பெருவழித் திட்டத்தை அறிவித்தார். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து சிப்பாங் விமான நிலையம் வரை, 15 கிலோமீட்டர் அகலமும் 50 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலம். அதனுள் புத்ராஜெயா, சைபர்ஜெயா என்னும் இரு புது நகரங்கள். வரும் நிறுவனங்களுக்குப் பத்து ஆண்டு வரை வருமான வரி விலக்கு முதலிய பத்து வாக்குறுதிகள் கொடுக்கப்பட்டன. 1997 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அனைத்துலக ஆலோசனைக் குழு கூடிற்று. பில் கேட்ஸ் முதலிய பெருஞ்செல்வர் பெயர்களெல்லாம் அக்குழுவின் பட்டியலில் இருந்தன.

அந்த 15க்கு 50 கிலோமீட்டர் நிலம் வெறும் நிலமன்று. புத்ராஜெயா எழுந்த இடத்தில் இருந்தது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப்போரில் இருந்து திரும்பிய ஆங்கிலப் படை அதிகாரிகள் 1921இல் திறந்த தோட்டமாதலின் ‘பெரும்போர்’ என்னும் பொருளுடைய மலாய்ப் பெயர் அதற்கு அமைந்தது. கித்தா உலகில் பி.பி. என்னும் இரண்டெழுத்தால் தொடங்கும் உயர்தர ஒட்டு மரங்கள் பல நாடுகளில் பரவின. அவ்விரண்டெழுத்து பிராங் பெசாரையே குறிக்கும். ஒரு மரத்தின் பாலை ஆண்டுக்கணக்கில் அளந்து, நல்லதைத் தெரிந்து, ஒட்டி, மீண்டும் அளந்து, அவ்வாறு பல்லாண்டு செய்த பொறுமையான வேலை அது. அளப்பதற்குரிய பாலை வெட்டி எடுத்தவை தொழிலாளர் கைகளன்றோ! 1990களில் அத்தோட்டத்தாரும் அண்டைத் தோட்டங்களான காலவே, செட்ஜ்லி, மெடிங்லி மக்களும் வெளியேற்றப்பட்டு, டிங்கில் அருகே தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். தரைவீடு கேட்டு அவர்கள் பல்லாண்டு குரல் எழுப்ப வேண்டியதாயிற்று. எதிர்காலத் தலைநகரின் வரைபடங்களில் கண்ணாடிக் கட்டடங்களும் செயற்கை ஏரியும் இருந்தன. அங்கிருந்த லயங்கள் இல்லை.

திட்டம் அறிவித்த அடுத்த ஆண்டே, 1997 ஜூலையில், ஆசிய நாணய நெருக்கடி மூண்டது. அமெரிக்க டாலர் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை வெள்ளியாக இருந்தது நான்கு வெள்ளிக்கும் மேலே சென்று, 1998 செப்டம்பரில் 3.80 என்று கட்டி நிறுத்தப்பட்டது. எனினும் சைபர்ஜெயா 1999இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்காவில் இணையக் காய்ச்சல் உச்சியைத் தொட்டது. 2000 மார்ச் 10ஆம் நாள் நாஸ்டாக் பங்குக் குறியெண் 5,048. 2002 அக்டோபரில் 1,114. பழைய உச்சியை அது மீண்டும் காண 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கித்தாவின் 1910உம் 1920உம் போன்ற கதையே. வேகம் மட்டும் கூடுதல்.

பெருவழித் திட்டம் முழுதும் பொய் என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் அது நேர்மையாகாது. அதன் சின்னங்களில் ஒன்று, 2001இல் தொடங்கிய மைகார்டு, இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்னும் வாக்குறுதியை முதலீட்டாளருக்காகக் கொடுத்தார்கள். அதன் நிழலில் 1999 நவம்பரில் மலேசியாகினி என்னும் இணைய நாளேடு பிறந்தது. அது திட்டமிட்டவர் திட்டமிடாத விளைச்சல். மறுபுறம், தொலை மருத்துவத்துக்கென 1997இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. ‘செகோலா பெஸ்தாரி’ என்னும் திறன்பள்ளித் திட்டம் ஏறக்குறைய தொண்ணூறு பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் அதன் பேச்சே தேய்ந்தது. பெஸ்தாரி என்னும் சொல்லின் மயக்கம் அவ்வளவில் நிற்கவில்லை. நம் பத்தாங் பெர்ஜுந்தைப் பட்டணம் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிற்று. தென்னமரம் தோட்டம் இருப்பது அங்கேயே.

சொற்களின் கதியைப் பாருங்கள். 1996இல் ‘மல்டிமீடியா’ என்பது மந்திரச் சொல். ஒலியும் படமும் எழுத்தும் ஒரே தட்டில் என்பதே அதன் பொருள். அன்று அது அதிசயம். பத்தாண்டில் ஒவ்வொரு கைப்பேசியும் அதனைச் செய்யத் தொடங்கியது. சொல் உப்பற்றுப் போயிற்று. அச்சொல்லைத் தலையில் தாங்கிய திட்டமோ அதைச் சுமந்துகொண்டே நின்றது. 2022இல்தான் ‘மலேசியா டிஜிட்டல்’ என்னும் பெயர் அதனிடத்தில் வந்தது. புதுப்பெயருக்கு ஆயுள் எவ்வளவோ!

இப்பொழுது முன்னே சொன்ன கால இடைவெளிக்கு வருவோம். எம் உறவினர் ஒருவர் ஜெராம் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டு வெட்டுக்காரராக இருந்தவர். ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, 2000ஆம் ஆண்டில் மகனை ஒரு பட்டணத்தில் கடைவீட்டு மாடியில் நடந்த மல்டிமீடியா வகுப்பில் சேர்த்தார். விளம்பரத் தாளில் சைபர்ஜெயாவின் படம் இருந்தது. வகுப்பில் முதன்மையாகக் கற்பித்தது ஃபிளாஷ் என்னும் கருவி. பையன் கெட்டிக்காரன், நன்றாகவே கற்றான். சான்றிதழ் வாங்கி வெளியே வந்தபோது ஆண்டு 2002. இணைய நிறுவனங்கள் ஆள் குறைத்துக்கொண்டிருந்தன. அவன் ஓர் ஆலையில் கிடங்குக் கணக்கராகச் சேர்ந்தான்; இன்றும் அந்தத் தொழிலிலேதான் இருக்கிறான். ஃபிளாஷ் கருவியை அதன் உரிமையாளரே 2020 டிசம்பர் 31ஆம் நாளுடன் மூடிவிட்டனர்.

தந்தை முட்டாளல்லர், மகன் சோம்பேறியல்லன். 1910இல் கன்று நட்டவனுக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது. காய்ச்சல் உச்சியில் இருக்கும்போதே விளம்பரம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது; அதற்கு முன் வருவதில்லை. அந்நேரத்தில் நட்டது விளைய மூன்று நான்கு ஆண்டு ஆகிறது. தமிழ்நாட்டிலும் இஃதே நடந்தது. ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்கள் 2000ஆம் ஆண்டில் குழம்பும் என்ற அச்சத்தால், சென்னையில் கோபால் வகுப்புகள் பெருகின. திருத்தியவர்கள் அமெரிக்கா சென்றனர். அமெரிக்க அரசு 2001 முதல் 2003 வரை அத்தகைய தொழில்நுட்ப விசாக்களை ஆண்டுக்கு 1,95,000 என்று உயர்த்தியது. உயர்த்தி முடிக்குமுன் வேலை குறைந்தது. 2004இல் மீண்டும் 65,000. அதனை நம்பிக் கல்லூரியில் நுழைந்தவர் படித்து முடித்தது எந்த ஆண்டில் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவில், எவரும் பங்கு வெளியிடாத ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நம் மொழியைப் பற்றியது.

1980களில் கணினித் திரைக்குத் தமிழ் தெரியாது. 1985இல் கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் என்னும் இளம் பொறியாளர் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றினார்; இணையம் என்னும் சொல்லையே நமக்குத் தந்தவர் அவர் என்பர். சுவிட்சர்லாந்திலிருந்த கலியாணசுந்தரம் என்னும் வேதியியல் அறிஞர் இலவச எழுத்துருவை உருவாக்கியதோடு, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்குமுள்ள தமிழர் ஊதியமின்றித் தத்தம் வீட்டிலிருந்து பழைய நூல்களைத் தட்டெழுதி அதற்கு அனுப்பினர்.

ஆனால் அந்நாளில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு நிறுவனமும் தமிழெழுத்துக்குத் தனித்தனி எண் வைத்திருந்தன. ஒரு கணினியில் ‘அம்மா’ என்று எழுதினால் அடுத்த கணினியில் அலங்கோலமான குறிகள் தெரியும். தோட்டத்துக்கொரு தராசு வைத்திருந்தால் பால் நிறுவை என்னவாகும்? அதே நிலைதான். இதனைத் தீர்க்கவே 1997 மே மாதத்தில் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும், 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. எந்த எழுத்துக்கு எந்த எண், எந்த விசைக்கு எந்த எழுத்து என்று நாள் முழுதும் வாதிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இதைவிடச் சலிப்பான வேலை வேறில்லை. யூனிகோடு என்னும் உலகப் பொது எண்முறையில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. அவ்விடம் போதாது, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் வேண்டும் என்ற சண்டை நெடுநாள் ஓடிற்று. 2010இல் தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்று, தனியெண் முறையான டேஸ்16 என்பதனையும் மாற்றாக வைத்துக்கொண்டது. அவ்வாதத்தில் எப்பக்கம் நியாயம் மிகுதி என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. எண்ணில் ஓர் உடன்பாடு இல்லாதிருந்தால் பின்னே வந்த எதுவும் நமக்கு வாய்த்திராது என்பதே நம் கருத்து.

பின்னே வந்தது கைப்பேசி. முத்து நெடுமாறன் 2005இலேயே ‘செல்லினம்’ மூலம் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியை இயலச் செய்திருந்தார். ஐஃபோன் வந்தது 2007இல். ஆண்ட்ராய்டுக் கைப்பேசி 2008இல். உலகம் கைப்பேசிக் காய்ச்சலில் துடித்தபோது தமிழ் வெறுங்கையுடன் நிற்கவில்லை. இன்று ஜெராம் கடற்கரையில் மீன் விலை பேசும் பெண்மணி மருமகளுக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறாரே, அதன் அடியில் கிடப்பது அந்தச் சலிப்பான வேலை.

இப்பொழுது நடப்பது செயற்கை நுண்ணறிவின் காய்ச்சல். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த நாள் முதல் அது ஏறிவருகிறது. 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மலேசியாவில் 220 கோடி டாலரும், கூகுள் நிறுவனம் 200 கோடி டாலரும் முதலிடுவதாக அறிவித்தன. கூகுளின் தரவு நிலையத்துக்குத் தெரிந்தெடுத்த இடம் சுங்கை பூலோவுக்கு அணித்தான எல்மினா. அதுவும் தோட்ட நிலந்தான். கித்தாவும் செம்பனையும் கண்ட மண். தரவு நிலையம் என்பது கணினிகள் அடுக்கிய பெருங்கிடங்கு. மின்சாரமும் குளிர்விக்கும் நீரும் அதற்குத் தீனி. கட்டும்போது ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை; கட்டி முடித்தபின் காவலுக்கும் பராமரிப்புக்கும் சிறுதொகையினர் போதும். ஆயிரம் ஏக்கர் கித்தா எத்தனை குடும்பத்தை வைத்திருந்தது என்று நினைத்துப் பார்ப்போர்க்கு இக்கணக்கு புதுமையாகத் தோன்றும்.

இப்பொறிகள் தமிழ் பேசுகின்றனவே என்று வியப்பவர் உண்டு. அவை தமிழைக் கற்றது எங்கிருந்து? 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முதலாக இணையத்தில் கிடக்கும் தமிழிலிருந்து. அதாவது ஊதியம் கேளாது எழுதிவைத்தவர் உழைப்பிலிருந்தும். கற்ற விதத்திலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. இப்பொறிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டியே படிக்கின்றன. வெட்டும் முறை ஆங்கிலத்துக்கு ஏற்ப அமைந்ததாதலின், ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டில் அடங்கும். தமிழ்ச் சொல்லோ பல பொறிகளில் அதனினும் பன்மடங்கு துண்டாகும். துண்டுக் கணக்கிலேயே கட்டணம் வாங்குவதால், ஒரே செய்தியைத் தமிழில் கேட்பவர் கூடுதலாகக் கொடுக்கிறார். இதனைச் சீர்செய்ய முயல்வோர் சிலர் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி எந்த விளம்பரத் தாளிலும் படித்தோமில்லை.

சென்ற மாதம் நம் பக்கத்துப் பையன் ஒருவன் வண்ண விளம்பரத் தாளொன்றைக் கொண்டுவந்து காட்டினான். செயற்கை நுண்ணறிவுப் பட்டயப்படிப்பு, மூன்றாண்டு, கட்டணம் அவன் தந்தையின் இரண்டாண்டுச் சம்பளத்துக்குக் குறையாது. பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். முதலாண்டில் கணிதம், புள்ளியியல், தரவுகளை அடுக்கும் முறை என்பன இருந்தன. அவை எங்கே மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும் என்று இருவரும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாமாண்டுப் பக்கத்தில் எட்டுக் கருவிகளின் பெயர்கள் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. பையன் தன் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தான். இரண்டு கருவிகளுக்குத் தாள் அச்சேறுமுன்னரே பெயர் மாறியிருந்தது.